உயரக் கூரைப் பட்டறைக்கு எல்.இ.டி. ட்யூப் விளக்கு: தேர்வு முதல் மாட்டுவது வரை

வாளையாரிலிருந்து வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் வரை கேரள-தமிழக எல்லையோரமாகப் போனால் சாலையின் இருபுறமும் லாரிப் பட்டறைகளும் லேத் கடைகளும் வெல்டிங் கூடங்களும் தென்படுகின்றன. லாரி உள்ளே வந்து கேபின் தூக்க வேண்டும், செயின் பிளாக் தொங்க வேண்டும் என்பதால் இவற்றின் கூரை பெரும்பாலும் பதினைந்து முதல் இருபது அடி உயரத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வாங்கும் கணக்கில் நான்கு ட்யூப் வாங்கி அந்தக் கூரைச் சட்டத்தில் மாட்டினால், மேலே பளிச்சென்று எரியும். கீழே போல்ட்டின் மரை தெரியாது. புதிதாகப் பட்டறை தொடங்குவோரும், பழைய ட்யூப்களைக் கழற்றிவிட்டு எல்.இ.டி.க்கு மாற நினைப்போரும் எந்த வரிசையில் யோசித்து வாங்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரத்தின் அளவு. விளக்கு வெளிவிடும் ஒளியை லூமன் என்றும், ஒரு சதுர மீட்டர் பரப்பில் வந்து விழும் ஒளியை லக்ஸ் என்றும் அளக்கிறார்கள். கடைக்காரர் வாட்டைச் சொல்லி விற்பார். பெட்டியில் லூமன் எவ்வளவு என்று போட்டிருக்கிறது என்பதை நீங்கள் பார்க்க வேண்டும். இன்று கிடைக்கும் சுமாரான நான்கடி எல்.இ.டி. ட்யூப் வாட்டுக்கு நூறு லூமன் அளவில் தருகிறது. எனவே 20 வாட் ட்யூப் ஏறத்தாழ 2,000 லூமனும், 40 வாட் பேட்டன் (பட்டியும் விளக்கும் ஒன்றாகவே வரும் நீள விளக்கு) ஏறத்தாழ 4,000 லூமனும் தரும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். லூமனே அச்சிடாத பெட்டியை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், வாங்க வேண்டாம்.

முதற்படி: எந்த இடத்தில் என்ன வேலை?

டேப் எடுத்து நீளம், அகலம், கூரைச் சட்டத்தின் உயரம் ஆகிய மூன்றையும் அளந்து, ஒரு தாளில் பட்டறையின் படத்தை வரைந்துகொள்ளுங்கள். லாரி நிற்கும் இடம், பெஞ்ச் இருக்கும் இடம், லேத், டிரில்லிங் மெஷின், கிரைண்டர், சாமான் அடுக்கும் அலமாரி எல்லாவற்றையும் அதில் குறியுங்கள். உள்புற வெளிச்சத்துக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 3646, முரட்டு வேலை நடக்கும் பெஞ்சுக்கும் மெஷினுக்கும் 300 லக்ஸைச் சுற்றியும், நடுத்தர நுணுக்கம் கொண்ட வேலைக்கு 500 லக்ஸைச் சுற்றியும் பரிந்துரைக்கிறது. சாமான் அலமாரிக்கு 150 லக்ஸ் தாராளமாகப் போதும். பட்டறை முழுவதையும் 500 லக்ஸுக்கு ஏற்றுவது வீண் செலவு. பொதுவெளிச்சத்தை 300 லக்ஸில் நிறுத்திவிட்டு, பெஞ்சுக்கும் லேத்துக்கும் தனி விளக்கு கொடுப்பதே என் பரிந்துரை.

இரண்டாம் படி: எண்ணிக்கைக் கணக்கு

விளக்கு வெளிவிடும் ஒளி முழுவதும் வேலை நடக்கும் மட்டத்துக்கு வந்து சேராது. ஒரு பகுதி சுவரிலும் கூரையிலும் பட்டுத் தேய்கிறது. வந்து சேரும் பங்கைப் பயன்பாட்டுக் காரணி என்கிறார்கள். அகலமான, தாழ்ந்த, வெள்ளையடித்த அறையில் இது உயர்ந்தும், ஒடுங்கிய, உயரமான, கரி படிந்த அறையில் தாழ்ந்தும் இருக்கும். தூசி படிவதாலும் விளக்கு வயதாவதாலும் குறையும் ஒளிக்கு இன்னொரு கழிவு உண்டு. அது பராமரிப்புக் காரணி. பட்டறைக்கு அதை 0.7 என்று வைப்பது நியாயமானது. வேண்டிய லக்ஸைச் சதுர மீட்டரால் பெருக்கி, வரும் தொகையை இந்த இரண்டு காரணிகளாலும் வகுத்தால், வாங்க வேண்டிய மொத்த லூமன் கிடைத்துவிடும்.

நாற்பதடி நீளமும் இருபத்தைந்தடி அகலமும் கொண்ட ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் சதுர அடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். அதற்கு 300 லக்ஸ் வேண்டுமென்றால் வேலை மட்டத்தில் 27,900 லூமன் வந்து விழ வேண்டும். சுவர்கள் அழுக்காக இருந்து, விளக்குகளைப் பதினெட்டடி உயரச் சட்டத்திலேயே மாட்டினால், பயன்பாட்டுக் காரணியை 0.4க்கு மேல் வைக்க எனக்குத் துணிவில்லை. அப்போது மொத்தம் ஒரு லட்சம் லூமனை நெருங்கும். அதாவது 40 வாட் பேட்டன் இருபத்தைந்து வேண்டும். அதே கூடத்தில் சுவருக்கு வெள்ளையடித்து, விளக்குகளைப் பன்னிரண்டடிக்கு இறக்கித் தொங்கவிட்டால், காரணி 0.6 அளவுக்கு ஏறும். தேவை 66,000 லூமனைச் சுற்றி நிற்கும்; பதினேழு பேட்டன் போதும், வரிசை சமமாக வர வேண்டுமென்பதற்காகப் பதினெட்டு மாட்டலாம். இரண்டுக்கும் இடையே ஏழு விளக்குகள், 280 வாட் வித்தியாசம். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் எரிந்தால் கிட்டத்தட்ட மூன்று யூனிட் மிச்சம். சுண்ணாம்புக்கும் பைப்புக்கும் போட்ட காசு அதிலேயே திரும்பிவிடும்.

இந்தக் காரணிகள் தோராயமானவை. நல்ல நிறுவனங்கள் தங்கள் விளக்குக்கென்றே பயன்பாட்டுக் காரணி அட்டவணை வைத்திருக்கின்றன, கேட்டால் கொடுப்பார்கள்.

மூன்றாம் படி: விளக்கைக் கீழே இறக்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். வாட்டைக் கூட்டுவதற்கு முன் உயரத்தைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். வெளிச்சம் கூடுகிறது என்பது ஒரு காரணம். நம் பகுதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பாலக்காட்டில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும்போது, தகரக் கூரைக்கு அடியிலுள்ள இரண்டு மூன்று அடிக் காற்று கீழே நிற்பவர் உணர்வதைவிட மிக அதிகச் சூட்டில் தேங்கி நிற்கிறது. எல்.இ.டி. விளக்கில் பெரும்பாலும் முதலில் கெடுவது டிரைவர், அதாவது வரும் மின்சாரத்தை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் சுற்று. டிரைவரில் முதலில் கெடுவது அதிலுள்ள மின்பகுளிக் கெப்பாசிட்டர். சூடு பத்து டிகிரி கூடினால் அந்தக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் பழகிய கணக்கு. பெட்டியில் 50,000 மணி நேரம் என்று எழுதியிருப்பதைக் கூரைச் சூட்டில் எதிர்பார்ப்பதற்கில்லை. வேலை செய்யும் சூழலின் உச்ச வெப்பநிலை 50 டிகிரி என்று குறிப்பிட்டிருக்கும் விளக்கைத் தேர்ந்து, அதையும் தகரத்தை விட்டு விலக்கித் தொங்கவிடுங்கள்.

தொங்கவிடுவதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்று, கஞ்சிக்கோட்டில் காற்றாலை வைக்கும் அளவுக்கு வலுவானது. முன்புறம் திறந்த கூடத்தில் ஒற்றைச் சங்கிலியில் தொங்கும் விளக்கு ஆடிக்கொண்டே இருக்கும். அதோடு கீழே உள்ள நிழலும் ஆடும். கண்ணுக்கு அது பெரும் தொல்லை. கூரைச் சட்டத்திலிருந்து ஜி.ஐ. பைப்பை இறக்கி, குறுக்கே ஒரு ஆங்கிளோ சி-சேனலோ போட்டு, அதில் பேட்டன்களை வரிசையாகத் திருகிவிட்டால் ஆட்டமே இருக்காது. செயின் பிளாக் ஓடும் பாதையையும், பாரம் ஏற்றிய லாரியின் உயரத்தையும் முன்னதாக அளந்துகொண்டு பைப்பின் நீளத்தை வெட்டுங்கள்.

கூரை இருபதடிக்கு மேலிருந்து, கிரேன் ஓடுவதால் விளக்கை இறக்கவும் வழியில்லை என்றால் ட்யூப்பை விட்டுவிட்டு, உயரத்திலிருந்து ஒளியைக் குவித்துக் கீழே அனுப்பும் ஹை-பே விளக்குக்குப் போவதே சரி. ட்யூப் ஒளியை அகலமாக விரிப்பது. அவ்வளவு உயரத்திலிருந்து அது சுவருக்குத்தான் வெளிச்சம் காட்டும்.

நான்காம் படி: இடைவெளியும் நிழலும்

இரண்டு வரிசைகளுக்கு நடுவிலுள்ள தூரம், வேலை மட்டத்திலிருந்து விளக்குக்கு உள்ள உயரத்தை மிஞ்சாமல் இருந்தால் வெளிச்சம் திட்டுத் திட்டாக விழாது. நம் எடுத்துக்காட்டில் பெஞ்ச் மூன்றடி உயரம், விளக்கு பன்னிரண்டடி, இடைப்பட்டது ஒன்பதடி. இருபத்தைந்தடி அகலத்தில் மூன்று வரிசை போட்டால் இடைவெளி எட்டடியைச் சற்றுத் தாண்டும், அது சரியானதே. சுவருக்கும் அதை ஒட்டிய வரிசைக்கும் அதில் பாதி, நாலடி விடுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் ஆறு விளக்கு.

ஆனால் தாளில் வரும் இந்தச் சமச்சீர் லாரி வந்து நின்றதும் கலைந்துவிடும். நேராக லாரிக்கு மேலே எரியும் விளக்கு கேபின் கூரைக்குத்தான் பயன்படும். பக்கவாட்டில் குனிந்து பிரேக் டிரம்மைக் கழற்றுபவர் இருட்டில் இருப்பார். ஆகவே வண்டிகள் நிற்கும் இடங்களுக்கு இடையே உள்ள நடைபாதைக்கு மேலாக வரிசைகள் வரும்படி நகர்த்துங்கள். அதோடு பக்கச் சுவர்களில் எட்டுப் பத்தடி உயரத்தில், சற்றுச் சாய்த்து, சில பேட்டன்களை மாட்டினால் வண்டியின் அடிப்பகுதிக்கு வெளிச்சம் போகும். பெஞ்சில் வேலை செய்பவரின் முதுகுக்குப் பின்னால் விளக்கு வந்தால் அவருடைய நிழலே வேலையில் விழும். பெஞ்சு விளக்கு அவருக்கு முன்னால், தலைக்கு மேலே, கண்ணில் நேரே அடிக்காதபடி இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: துடிப்பு

லேத்தோ டிரில்லிங் மெஷினோ உள்ள இடத்தில் இதை விலையை விட முக்கியமாகக் கருதுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிரைவர் மட்டமானதாக இருந்தால் விளக்கு விநாடிக்கு நூறு முறை கூடிக் குறைகிறது. கண்ணுக்கு அது தெரியாது. சுழலும் பொருளின் மேல் விழும்போது மட்டும் விபரீதமாகும். லேத் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடும்போது, இரண்டு துடிப்புகளுக்கு இடையே, வேலைப்பொருளைப் பிடித்துச் சுழலும் சக் மிகச்சரியாக 120 டிகிரி திரும்புகிறது. மூன்று தாடைச் சக்கில் ஒரு தாடை இருந்த இடத்துக்கு அடுத்த தாடை வந்து நின்றிருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் அதே காட்சி. பார்ப்பவருக்கு சக் நிற்பதுபோலவே தோன்றும். 1,500 சுற்றில் நான்கு தாடைச் சக்குக்கு இதே கதி. பெஞ்ச் கிரைண்டர் 2,880 சுற்றில் ஓடும்போது சக்கரத்தின் நட்டு மெதுவாகப் பின்னோக்கி ஊர்வதுபோலத் தெரிவதும் இதனால்தான். காதில் சத்தம் விழுகிறதே, யார் கை வைப்பார் என்று கேட்கலாம். நான்கு மெஷின் ஓடும் கூடத்தில் எந்தச் சத்தம் எதிலிருந்து வருகிறது என்று காது சொல்லாது.

சோதிப்பது எளிது. கடையிலேயே விளக்கை எரியவிட்டு, கைப்பேசியின் ஸ்லோ மோஷன் வீடியோவில் எடுத்துப் பாருங்கள். வெளிச்சம் மினுங்கி மினுங்கி ஓடினால் வைத்துவிட்டு வாருங்கள். தனி டிரைவர் உள்ள, துடிப்பில்லாதது என்று குறிப்பிட்ட விளக்கில் காட்சி அமைதியாக இருக்கும். மும்முனை இணைப்பு உள்ள கூடத்தில் அடுத்தடுத்த விளக்குகளை வெவ்வேறு ஃபேஸில் பிரித்துக் கொடுப்பதும் பழைய, நல்ல வழக்கம். ஒன்றின் ஒளி தாழும்போது மற்றதன் ஒளி தாங்கிக்கொள்ளும். அப்படிச் செய்தால் அருகருகே உள்ள விளக்குகளுக்கு இடையே 415 வோல்ட் இருக்கும் என்பதால், பழுது பார்க்கும்போது மூன்று ஃபேஸையும் ஒருசேர நிறுத்தியாக வேண்டும்.

ஆறாம் படி: பேட்டனா, பழைய பட்டியில் புது ட்யூப்பா?

புதுக் கூடத்துக்கு டிரைவர் உள்ளேயே வரும் பேட்டனை வாங்குங்கள், யோசிக்க ஒன்றுமில்லை. பழைய ட்யூப் பட்டி இருந்து அதில் எல்.இ.டி. ட்யூப்பைச் செருக நினைப்பவர்தான் கவனிக்க வேண்டும். இந்த ட்யூப்களில் ஒரே முனையில் ஃபேஸும் நியூட்ரலும் வாங்குபவை உண்டு. ஒரு முனையில் ஃபேஸ், மறுமுனையில் நியூட்ரல் என்று வாங்குபவையும் உண்டு. பெட்டியில் உள்ள படத்தைப் பார்க்காமல் இணைப்புக் கொடுக்கக் கூடாது. இரண்டாவது வகையை மின்சாரம் ஓடும்போது செருகினால், ஒரு முனை உள்ளே போனதும் கையில் பிடித்திருக்கும் மறுமுனை ஊசியில் மின்சாரம் வரலாம். ஏணியின் உச்சியில் நிற்பவருக்கு அந்த ஓர் அதிர்ச்சியே போதும். சோக்கையும் ஸ்டார்ட்டரையும் முழுவதுமாக நீக்கி, மெயினை இறக்கிவிட்டு, டெஸ்டரால் பார்த்த பிறகே ட்யூப்பை மாட்ட வேண்டும். வேலை முடிந்ததும் ‘எல்.இ.டி. மட்டும்’ என்று பட்டியில் எழுதி ஒட்டிவிடுங்கள்; ஒரே முனையில் ஃபேஸும் நியூட்ரலும் கொடுத்த பட்டியில் பின்னால் யாராவது பழைய வகை ட்யூப்பைச் செருகினால் அதன் இழை வழியாக நேரே ஷார்ட் ஆகும்.

ட்யூப்பின் உடல் கண்ணாடியா, பாலிகார்பனேட்டா என்பதையும் கேளுங்கள். ஸ்பேனர் பறக்கும் இடத்தில் கண்ணாடி ட்யூப் வேண்டாம். தேங்காய் நார் மில்லுக்குப் பக்கத்துக் கூடம் என்றாலோ, மழைச்சாரல் உள்ளே அடிக்கும் என்றாலோ தூசியும் நீரும் புகாதபடி மூடிய ஐ.பி. 65 தர விளக்குதான் தாங்கும். திறந்த பேட்டனில் நார்த்தூசி ஈரத்தோடு சேர்ந்து பாசிபோல் ஒட்டிக்கொள்கிறது.

லாரிக்கு அடியில் இறங்கி வேலை செய்யும் குழிக்கு இந்தக் கட்டுரையில் சொல்லும் எந்த ட்யூப்பும் ஏற்றதன்று. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. குழியில் போய்த் தங்கும். அங்கே தீப்பொறி வெளிவராத வகையென்று சான்றளித்த விளக்கை மட்டுமே வைக்க வேண்டும்.

ஏழாம் படி: பெட்டியைப் படித்து வாங்குவது

நிறத்தைப் பொறுத்தவரை 6500 கெல்வின் என்பது கடைகளில் எளிதில் கிடைக்கும் பால் வெள்ளை. 4000 கெல்வின் அதைவிடக் கண்ணுக்கு இதமானது. இரண்டில் எதுவும் தவறில்லை, ஒரே கூடத்தில் இரண்டையும் கலக்காதீர்கள். அதைவிட முக்கியம் நிறத்தை உண்மையாகக் காட்டும் குறியீடான சி.ஆர்.ஐ. அது 80க்குக் குறைந்தால் வயரில் பழுப்பையும் சிவப்பையும் பிரித்தறிவது கடினம். பெயின்ட் அடித்து நிறம் ஒட்டிப் பார்ப்பவர்கள் 90க்கு மேல் வாங்க வேண்டும். குறைந்ததில் ஒத்துப்போன நிறம் வெளியே வெயிலில் வண்டியை நிறுத்தியதும் காட்டிக்கொடுத்துவிடும்.

துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழை மாதங்களில், மாலையில் இடி இறங்கும் ஊர் நம்முடையது. பெட்டியில் சர்ஜ் (மின்னழுத்தத்தின் திடீர் எழுச்சி) தாங்கும் அளவு 4 கிலோவோல்ட் என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். மெயின் போர்டில் சர்ஜ் தடுப்பானும் சரியான எர்த்தும் இருந்தால்தான் அதுவும் பயன்படும். மும்முனை இணைப்பில் நியூட்ரல் வயர் தளர்ந்தால் 230 வோல்ட்டுக்கான விளக்குகள் மேல் அதைவிட மிகக் கூடுதலான மின்னழுத்தம் ஏறி, ஒரே நொடியில் பல விளக்குகள் போய்விடும். ஆகவே புது விளக்கு மாட்டும் நாளில் நியூட்ரல் திருகுகள் அனைத்தையும் இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலைக்குப் பயன்படுகிறது என்பதைக் காட்டும் பவர் ஃபேக்டர் 0.9க்கு மேல் இருக்கட்டும். தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண், ஆர் என்ற எழுத்தில் தொடங்குவது, பெட்டியிலோ உடலிலோ இருக்க வேண்டும்.

கோயம்புத்தூரில் வாங்கினாலும் பாலக்காட்டில் வாங்கினாலும் பில்லோடு வாங்குங்கள். மொத்தத்தையும் ஒரே நாளில் வாங்காமல் முதலில் இரண்டை வாங்கி மாட்டி, சில இரவுகள் அதன் கீழ் வேலை செய்து பாருங்கள். பெட்டியில் எழுதிய வாட்டை உண்மையில் இழுக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் அளக்கவும் சொல்லலாம். 40 வாட் என்று விற்பது முப்பதுகூட இழுக்கவில்லையென்றால் அதன் லூமன் கணக்கையும் நம்ப வேண்டாம்.

எட்டாம் படி: வயரிங்கும் அதன் பிறகும்

இதை உரிமம் உள்ள வயர்மேனிடம் விடுங்கள். அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை மட்டும் சொல்கிறேன். வெல்டிங் மெஷின் இருக்கும் சர்க்யூட்டில் விளக்கைச் சேர்க்கக் கூடாது. ஒவ்வொரு பற்றவைப்புக்கும் விளக்கு மங்கி எழும். மூன்று வரிசைக்கும் தனித்தனி சுவிட்ச் வேண்டும். பகலில் உள்வரிசை மட்டும் எரிந்தால் போதும். பல எல்.இ.டி. ஒரே சமயம் எரியத் தொடங்கும்போது கணநேரம் அதிக மின்சாரம் இழுக்கும் என்பதால், மின்சாரம் மிஞ்சினால் தானே இறங்கும் சுவிட்சான எம்.சி.பி. ‘சி’ வகையாக இருக்கட்டும். லேத்துக்கு அருகே ஒரு விளக்கையாவது இன்வெர்ட்டரில் கொடுக்கச் சொல்லுங்கள். இரவில் கரண்ட் போகும்போது சக் உடனே நிற்பதில்லை, இருட்டில் அது சுழன்றுகொண்டுதான் இருக்கும்.

மாட்டி முடித்த இரவில், லக்ஸ் மீட்டர் இரவல் வாங்கி, மூன்றடி உயரத்தில், கூடத்தின் மூலைகளிலும் நடுவிலும் பெஞ்சிலும் அளந்து தாளில் எழுதிவையுங்கள். கைப்பேசிச் செயலி துல்லியமாகக் காட்டாது. ஓரிடத்தையும் மற்றோரிடத்தையும் ஒப்பிட மட்டும் உதவும். சராசரியில் பாதிக்கும் கீழே எந்த இடமாவது காட்டினால் அங்கே ஒரு விளக்கை நகர்த்துங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை, கோடை தொடங்குமுன் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஈரம் பிழிந்த துணியால் விளக்குகளைத் துடைத்து, அதே இடங்களில் மறுபடி அளந்தால், எந்த விளக்கு தளர்கிறது என்பது அது அணைவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

கழற்றிய பழைய ட்யூப்களைக் குப்பையில் உடைத்துப் போட வேண்டாம். அவற்றில் பாதரசம் இருக்கிறது. உடையாமல் அவை வந்த அட்டை உறையிலோ செய்தித்தாளிலோ சுற்றி வைத்து, கேரளப் பக்கத்தில் இருப்பவர்கள் கழிவு சேகரிக்கும் ஊராட்சியின் ஹரித கர்ம சேனையிடமும், தமிழகப் பக்கத்தில் இருப்பவர்கள் மின்கழிவு வாங்கும் பதிவுபெற்ற நிலையத்திடமும் கேட்டு ஒப்படைக்கலாம்.